வேரா மிஸ்ஸின் இடது லாச்சி

“ரெண்டு காலா, நாலு காலா?”

ரிசீவரைக் கன்னத்துக்கும் தோளுக்கும் நடுவில் இறுக்கி, வலது கையில் பேனையும் இடது கையில் தேத்தண்ணிக் கோப்பையின் மூடியுமாக வேரா மிஸ் கேட்கிற முதல் கேள்வி இதுதான். வணக்கம் கிடையாது, ஹலோ கிடையாது, எங்கேயிருந்து கதைக்கிறீர்கள் என்ற விசாரிப்பும் கிடையாது. புதிதாக அழைப்பவர் திகைத்துப் போவார். சிலருக்குக் கோபம் வந்து, இது யானைக் கந்தோர்தானே என்று திருப்பிக் கேட்பார்கள். ஓம், கந்தோர்தான், விழுந்து கிடக்கிறது ரெண்டு காலா நாலு காலா, அதை முதலில் சொல்லுங்கள், மற்றதை மறுகா கதைப்போம் என்பார் மிஸ். பதில் வரும்வரை பேனை தாளில் படாது. கேட்டு எழுதி முடித்தபின் “எழுதிட்டன்” என்று ஒரு சொல். அதோடு ரிசீவர் கீழே போகும்.

மட்டக்களப்பு நகரத்தில் வாவியைப் பார்த்தபடி நிற்கிற ஒரு பழைய அரசாங்க அலுவலகக் கட்டடம் அது. வாசல் பலகையில் மூன்று மொழியிலும் நீளமாக ஒரு பெயர் இருக்கிறது. அதை முழுதாக வாசித்தவரை நான் கண்டதில்லை. எழுதினால் எனக்குத்தான் வில்லங்கம் என்பதால் நானும் எழுதவில்லை. சனங்களுக்கு அது யானைக் கந்தோர். காட்டுச் சீவன் எதைப் பற்றிய முறைப்பாடும் இங்கேதான் வரும். வாவியில் வலை இழுப்பவனின் தோணிக்குப் பக்கத்தில் முதலை, வாகரைக் கரையில் ஒதுங்கிய ஆமை, கல்லடியில் யாருடைய கூரைக்கோ ஏறிவிட்ட மரநாய், எல்லாம் வரும். ஆனாலும் பத்தில் ஏழு அழைப்பு படுவான்கரையிலிருந்து. வாவிக்கு மேற்கே, வயலும் வயலுக்கு அப்பால் காடுமாகக் கிடக்கிற பக்கம் அது. யானை காட்டிலிருந்து வயலுக்கு வருகிறது. நாங்கள் வருடத்துக்கு வருடம் காட்டுக்குள் வயலை வெட்டிக்கொண்டு போகிறோம். யார் யாருடைய வளவுக்குள் வந்தார்கள் என்று கேட்டால் இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. நான் வயல்காரன், ஆகவே வயல் பக்கம்தான் பேசுவேன்.

வயல்காரன் என்று சொன்னது கொஞ்சம் பெருமைக்குத்தான். நான் கல்லடியில் இருக்கிற பென்சன் வாத்தியார். மனைவிக்குச் சீதனமாக வந்த இரண்டு ஏக்கர் முதிரையடி வட்டையில் இருக்கிறது. ஒரே வாய்க்காலில் தண்ணீர் பாய்கிற வயல்களின் கூட்டத்தை நாங்கள் வட்டை என்போம். நாலு வருடத்துக்கு முன் அந்த இரண்டு ஏக்கரில் ஒன்றை யானை மிதித்துவிட்டது என்று முறைப்பாடு கொடுக்கச் சைக்கிளில் பாலம் கடந்து வந்தவன்தான். மின்விசிறிக்குக் கீழே கிடந்த வாங்கில் உட்கார்ந்தேன். அன்றிலிருந்து வாரத்தில் இரண்டு மூன்று காலை அங்கேதான் கழிகிறது. வீட்டில் இருந்தால் மனைவியோடு வாய்த்தர்க்கம். இங்கே வேரா மிஸ் தேத்தண்ணி தருவார்.

மிஸ்ஸின் பதவி தட்டெழுத்தாளர். தட்டெழுத்து இயந்திரம் போய் கம்பியூட்டர் வந்து பல காலம் ஆகியும் பதவியின் பெயர் மாறவில்லை. வேலையோ வேறு. கந்தோரில் இருக்கிற அதிகாரிகளில் அனேகர் தெற்கிலிருந்து மாற்றலாகி வந்த பிள்ளைகள். நல்ல பிள்ளைகள், சும்மா சொல்லக் கூடாது. ஆனால் அவர்களுடைய தமிழ் ‘தண்ணி’, ‘சாப்பாடு’ என்ற அளவில் நின்றுவிடும். படுவான்கரை விவசாயியின் சிங்களம் ‘அலியா’ என்ற அளவில், அதாவது யானையில், நின்றுவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில் முப்பத்தோரு வருடமாக வேரா மிஸ் உட்கார்ந்திருக்கிறார். வயல் தமிழில் கேட்டு, கந்தோர்ச் சிங்களத்தில் சொல்லி, வருகிற பதிலைத் திரும்பத் தமிழாக்கிக் கொடுப்பார். ஜீப் எங்கே போவது, எப்போது போவது என்பது எல்லாம் அவருடைய வாய் வழியாகத்தான் போகும்.

அவர் போர்த்துக்கீச, ஒல்லாந்த வழிவந்த பறங்கிச் சமூகத்தவர். தேவாலய மணி கேட்கிற தூரத்தில் பிறந்து, அதே வீட்டில் ஐம்பத்தெட்டு வயதாகிறது. தாய் இருந்தவரை வீட்டில் பறங்கிப் பாஷை, தெருவில் தமிழ், பள்ளியில் இங்கிலீஷ், கந்தோரில் சிங்களம். முழங்காலுக்குக் கீழே இறங்கிய பூப்போட்ட சட்டை, கயிற்றில் தொங்குகிற கண்ணாடி, மழையோ வெயிலோ ஒரு கறுப்புக் குடை. மேசையில் ஒரு பிஸ்கட் தகரம் இருக்கும். அது ஜீப் சாரதி பஸ்லானுக்கு. சாப்பிடாமல் ஓடுகிறவன் என்று மிஸ்ஸுக்கு அவன்மேல் ஒரு பரிவு. தங்கை ஜிலியன் ஒஸ்ரேலியாவில் இருந்துகொண்டு வந்துவிடு, வந்துவிடு என்று வருடம் தவறாமல் கூப்பிடுகிறார். “அங்க போய் நான் யார்ட போனுக்குப் பதில் சொல்றது?” என்பார் மிஸ்.

அவர் உட்கார்ந்திருக்கிற மேசையைச் செய்தவர் அவருடைய தகப்பன் ஹரல்ட். நகரத்தில் பெயர் பெற்ற தச்சன். அந்தக் கட்டடத்துக்கு மொத்தமாகத் தளபாடம் செய்து கொடுத்தபோது செய்தது. மகள் ஒரு நாள் அதில் உட்காருவாள் என்று அப்போது அவருக்குத் தெரியாது. மேசையின் இழுப்பறையை எங்கள் பக்கத்தில் லாச்சி என்போம். இந்த மேசைக்கு வலதில் ஒன்று, இடதில் ஒன்றாக இரண்டு லாச்சி. “கந்தோர், லாச்சி, ரெண்டும் எங்கட ஆக்கள் கப்பல்ல கொண்டுவந்த சொல்லு வாத்தியார். அப்பா சாமானையும் செஞ்சு குடுத்திட்டார்” என்று மிஸ் ஒரு நாள் சொன்னார். வலது லாச்சி விரல் வைத்தால் வரும். இடது லாச்சிக்கு ஹரல்ட் அவசரத்தில் காயாத பலகை போட்டுவிட்டார் போலிருக்கிறது, மாரி மழைக்கு ஊதி இறுகிவிடும். கதிரையைப் பின்னால் தள்ளி, முழங்காலை மேசைக்காலில் ஊன்றி, இரண்டு கையாலும் இழுத்தால்தான் வரும்.

வலது லாச்சியில் மிருகம் இறந்தால், காயப்பட்டால் நிரப்புகிற படிவங்கள். இடது லாச்சியில் மிருகத்தால் மனிதர் இறந்தால் நிரப்புகிற படிவங்கள். நாலு கால் வலது, இரண்டு கால் இடது. இந்த ஒழுங்கை இரண்டு வருடத்துக்கு முன் மிஸ்தான் ஏற்படுத்தினார். கேள்வியும் அப்போது பிறந்ததுதான். அந்தக் கதையைச் சொல்லாமல் இவரைப் பற்றி எழுத முடியாது.

எங்கள் வட்டையில் வெள்ளாமை கதிர் தள்ளிவிட்டால் அதற்குப் பிறகு யாரும் யானை என்று வாய் திறந்து சொல்ல மாட்டார்கள். பெயரைச் சொன்னால் கூப்பிட்டதாகிவிடும், கூப்பிட்டால் வராமல் இருப்பாரா என்று பயம். பெரியவர் என்போம். பெரியவர் வந்தார், பெரியவர் சாப்பிட்டார், பெரியவர் போயிட்டார். ஒரு வருடச் சாப்பாட்டை ஒரே மூச்சில் தின்றுவிட்டுப் போனவரையும் ‘போயிட்டு’ என்று அஃறிணையில் சொல்ல எங்களுக்கு நாக்கு வராது. நகரத்தில் பிறந்து நகரத்தில் வளர்ந்த வேரா மிஸ்ஸுக்கு இது தெரியாது. அதுவரை முறைப்பாடு கொடுத்தவர்கள் எல்லாம் கந்தோருக்கென்று ஒரு தமிழ் வைத்துக்கொண்டு, வீட்டிலிருந்து பேசி, யானை என்றே சொல்லியிருக்கிறார்கள். வயலில் நின்றுகொண்டு கைத்தொலைபேசியில் முதன்முதல் அழைத்தவர் வினாயகமூர்த்தி.

வினாயகமூர்த்தி எங்களுடைய வட்டை விதானை. வாய்க்காலைத் திறப்பது, பூட்டுவது, வரம்புச் சண்டையைத் தீர்ப்பது, காவல் முறை போடுவது எல்லாம் அவர் பொறுப்பு. அறுபத்து மூன்று வயது, சத்தம் போட்டுப் பேசத் தெரியாத மனிதர். அன்று காலை அவர் சொன்னது இது:

“மிஸ், பெரியவர் வட்டைக்குள்ள விழுந்து கிடக்கார். கால் வீங்கிப் போய்க் கிடக்கு. எழும்ப ஏலாம இருக்கார்.”

மிஸ் வயதைக் கேட்டார். நாற்பது இருக்கும் என்றார் விதானையார். தண்ணீர் கொடுத்தீர்களா என்று கேட்டார். வைத்தோம், குடிக்கிறார் இல்லை என்று பதில். சொந்தக்காரர் ஒருவரும் பக்கத்தில் இல்லையா?

“அங்கால காட்டோரத்தில மூணு நாலு பேர் நிக்காங்க மிஸ். கத்துற சத்தம் கேக்கு. கிட்ட வாறாங்க இல்ல.”

விழுந்து கிடக்கிறவரின் பக்கத்தில் வராமல் காட்டோரத்தில் நின்று கத்துகிற சொந்தத்தை நினைத்து மிஸ்ஸுக்கு ஆத்திரம் வந்துவிட்டது. இப்படியும் மனிதரா என்று விதானையாரைத்தான் ஏசினார். சுகமில்லாத ஆளுக்கு ஏன் யானைக் கந்தோருக்கு அடிக்கிறீர்கள், அம்புலன்ஸுக்கு அடியுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டார். அரசாங்கத்து ஆள் சொன்னால் மறுத்துப் பேசுகிற பழக்கம் வினாயகமூர்த்திக்கு இல்லை. இப்போது இவர்களுக்கும் அம்புலன்ஸ் விடுகிறார்களாக்கும் என்று நினைத்துக்கொண்டு அப்படியே செய்தார். மத்தியானம் இரண்டு பொடியன்மார் ஸ்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு வரம்பு வழியே நடந்து வந்து, மலைபோலக் கிடந்த பெரியவருக்கு முன்னால் நின்றார்கள். யாரோ படம் எடுத்து முகநூலில் போட்டுவிட்டார்கள். மாவட்டமே சிரித்தது. நானும் வயிறு நோகச் சிரித்தேன், மறைப்பதற்கு இல்லை.

ஜீப் அன்று வேறு பக்கம் போயிருந்தது. மிருக வைத்தியர் தூரத்திலிருந்து வரவேண்டும். அவர் வந்து சேர அடுத்த நாள் பின்னேரம் ஆனது. அதற்குள் பெரியவர் முடிந்துவிட்டார். காலில், கம்பியில் தட்டுப்பட்டால் தானே வெடிக்கிற கட்டுத்துவக்கின் குண்டு; பன்றிக்கு யாரோ வைத்தது. ஒரு நாள் முந்தி வந்திருந்தால் மருந்து கொடுத்துப் பார்த்திருக்கலாம் என்று வைத்தியர் கந்தோரில் வந்து சிங்களத்தில் சொன்னார். அந்த நேரம் பார்த்து வினாயகமூர்த்தி, டொக்டர் என்ன சொன்னார் என்று கேட்டு அழைத்தார். அந்த வசனத்தைத் தமிழாக்கி விதானையாருக்குச் சொல்ல வேண்டியிருந்தவர் வேரா மிஸ். ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். நான் வாங்கில் இருந்து கேட்டேன். அந்தத் தொலைபேசி பழைய உருப்படி, அங்கால் பேசுவது வாங்கு வரைக்கும் கேட்கும். வினாயகமூர்த்தி கடைசிவரை கேட்டார். பிறகு, “ஒங்களுக்கு எப்பிடித் தெரியும் புள்ள, நான்தான் வெளங்கச் சொல்லியிருக்கணும்” என்றார்.

மிஸ் என்று கூப்பிட்டவர் அன்றிலிருந்து புள்ள என்று கூப்பிட்டார். இவரும் அன்றிலிருந்து அவரை அண்ணன் என்றார். அவரை இவர் நேரில் கண்டதே இல்லை.

கேள்வி அப்படித்தான் பிறந்தது. கந்தோருக்கு வருகிறவர்கள் அதை ஒரு பகிடியாக எடுத்துக்கொண்டார்கள். பஸ்லான் பிஸ்கட்டை எடுக்கும்போதே “நாலு கால் மிஸ்” என்று சொல்லிவிட்டுத்தான் எடுப்பான். முதிரையடியிலும் அது பரவிவிட்டது. வினாயகமூர்த்தி வீட்டுப் படலையில் யாராவது தட்டினால், மனைவி கண்ணகையிடம் ரெண்டு காலா நாலு காலா என்று கேட்டுச் சிரிப்பாராம். மிஸ் மட்டும் சிரிப்பதில்லை. இடது லாச்சி இறுகிப் போகிறதே, கொஞ்சம் மெழுகுதிரி தேய்த்து விடட்டுமா என்று நான் ஒரு மழை நாளில் கேட்டேன்.

“வேணாம் வாத்தியார். அது இறுகியே கிடக்கட்டும். லேசாத் திறபடக் கூடாது.”

இவ்வளவு பேசுகிற வேரா மிஸ் காட்டு யானை ஒன்றைக் கண்ணால் கண்டதில்லை என்பதை நீங்கள் நம்பவேண்டும். கோயில் ஊர்வலத்தில் சங்கிலியோடு போனதைக் கண்டிருக்கிறார். முகநூல் படத்தில் அந்தச் செத்ததைக் கண்டிருக்கிறார். படுவான்கரைக்கு ஜீப்பில் ஒரு தடவை போய் வரலாமே என்றால், போன் எடுக்க யார் இருக்கிறார்கள் என்று கேட்பார். ஆனால் வினாயகமூர்த்தியிடம் ஒவ்வொரு தடவையும் ஒன்று விசாரிப்பார். அன்றைக்குக் காட்டோரத்தில் நின்றவர்களில் ஒருத்திக்கு இடது காது கிழிந்திருக்கும் என்று அவர் ஒரு முறை சொல்லியிருந்தார். அவ வந்தவாவா, சுகமா இருக்காவா என்று கேட்பார் மிஸ். ஓம் புள்ள, வந்து சாப்பிட்டுட்டுப் போறா என்பார் அவர். “அறுவடை முடியட்டும், ஒருக்கா வாங்க. காட்டுறன்.” அப்போது மட்டும் மிஸ் தாளின் ஓரத்தில் பேனையால் சும்மா கோடு கீறிக்கொண்டிருப்பார்.

இந்த வருடக் கதைக்கு வருகிறேன். எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

காட்டுக்கும் முதிரையடி வட்டைக்கும் இடையில் அரசாங்கம் போட்ட மின்வேலி ஒன்று இருக்கிறது. விட்டுவிட்டு வருகிற சின்ன அதிர்ச்சிதான் அதில் ஓடும். யானை தொட்டால் சுரீர் என்று பட்டுத் திரும்பிவிடும், சாகாது. வேலி போட்டவர்கள் வரைபடத்தில் காட்டின் எல்லைக்கோடு எங்கே ஓடுகிறதோ அங்கே போட்டார்கள். யானை நடக்கிற தடம் அந்தக் கோட்டைக் குறுக்கே வெட்டிக்கொண்டு குளத்துக்குப் போகிறது. ஆனைக்கு மெப் வாசிக்கத் தெரியாதே வாத்தியார் என்பார் மிஸ். அந்தத் தடத்தில், ஓடைக்குப் பக்கத்தில், மார்கழி வெள்ளம் பதினொரு கம்பத்தைச் சாய்த்துக்கொண்டு போய்விட்டது. பதினொரு கம்பம், அதற்கிடையில் கம்பி. ஒரு நாள் வேலை.

வினாயகமூர்த்தி தை பிறந்ததிலிருந்து அதற்காக அழைத்துக்கொண்டிருந்தார். மிஸ் எழுதினார். கடிதம் அடித்தார், பதில் வராமல் மறுபடி அடித்தார், மேலதிகாரி மாறினால் புதியவருக்கு முதலில் இருந்து விளக்கினார். கம்பம் வேறொரு மாவட்டத்துக் களஞ்சியத்தில் இருக்கிறது என்றார்கள். அங்கே கேட்டால் அனுப்பியாயிற்று என்றார்கள். கதிர் முற்றி, இரவு காவல் இறுக இறுக வட்டைக்காரர் விதானையாரைத்தான் நெரித்தார்கள். மாசி முதல் கிழமை ஒரு வெள்ளிக்கிழமை அவர் அழைத்தபோது குரல் இன்னும் தணிந்திருந்தது.

“புள்ள, ஆக்கள் கறண்ட் இழுக்கச் சொல்லுறாங்க. பம்ப் கொட்டிலில இருந்து.”

வீட்டு மின்சாரத்தை அப்படியே கம்பியில் விடுவது. தொட்டது எதுவும் பிழைக்காது. மிஸ் கோப்பையின் மூடியைக் கீழே வைத்துவிட்டார்.

“வேணாம் அண்ணன். கம்பம் வந்து இறங்கிட்டு. திங்கக்கிழம ஜீப்பில வருது. நான் சொல்றன் கேளுங்க, திங்கக்கிழம.”

இழுக்க மாட்டன் என்று அவர் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை வட்டைக் கூட்டத்திலும் அதையே சொன்னார். அது கொலை, பெரியவருக்கும் கொலை, தெரியாமல் நடந்துபோகிற நமக்கும் கொலை, ஒரு நாள் பொறுங்கள் என்றார். அப்ப எங்கட வெள்ளாமை போனால் விதானை தருவீரா என்று ஒருவர் கேட்டார். இன்னும் நாலு பேர் கேட்டார்கள். வினாயகமூர்த்தி என்னைத் திரும்பிப் பார்த்தார். படித்த மனிதன், வாத்தியார், கந்தோரில் போய் இருக்கிறவன், ஒரு சொல் சொல்லுவான் என்று நினைத்திருப்பார். எனக்கும் இரண்டு ஏக்கர் அறுக்கக் கிடந்தது. நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். அந்த வெட்கம் என்னோடு கட்டைக்குப் போகும்.

திங்கட்கிழமை காலை நான் கந்தோருக்குப் போனபோது பதினொரு கம்பமும் ஜீப்பின் பின்னால் ஏற்றிக் கட்டியிருந்தது. பஸ்லான் டயரை உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்போது ஒரு அழைப்பு வந்தது. நாலு கால், உயிரோடு இருக்கிறது; தெற்கே ஒரு ஊரில் யானைக் குட்டி கட்டில்லாத கிணற்றுக்குள் விழுந்துவிட்டது, தாய் சுற்றி நின்று வீடுகளை இடிக்கிறது, சனம் கல் எறிகிறது. அதிகாரி மிஸ்ஸைப் பார்த்து எதை முதலில் செய்வது என்று கேட்டார். அவருக்கு இரண்டு இடமும் புதிது, மிஸ்ஸிடம்தான் கேட்கவேண்டும். உயிர் முதலில் என்று மிஸ் சொன்னார். வேறு யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். ஜீப் கம்பங்களோடு தெற்கே போனது.

மிஸ் உடனே முதிரையடிக்கு எடுத்து, நாளைக்கு அண்ணன், விடிய வெளிக்கிடுறாங்க என்றார்.

“ஒரு நாள்தானே புள்ள,” என்றார் வினாயகமூர்த்தி. “நான் பாத்துக்கொள்ளுறன்.”

வாய்க்காலைப் பூட்டிவிடுறன் என்பது போல அதை அவர் சாதாரணமாகச் சொன்னார். எங்கள் இருவருக்கும் அதில் ஒன்றும் உறைக்கவில்லை.

குட்டியை அன்று பின்னேரமே வெளியே எடுத்துவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை காலை நான் போனபோது வேரா மிஸ் அப்படியொரு சந்தோஷமாக இருந்தார். பிஸ்கட் தகரத்தைத் திறந்து எனக்கும் நீட்டினார். குட்டி தாயின் காலுக்குள் புகுந்து ஓடிய விதத்தை பஸ்லான் நடித்தே காட்டினான். ஜீப்பில் கம்பம் ஏற்றியபடியே இருந்தது, அவன் கண்ணாடியைத் துடைக்க வெளியே போனான். எட்டேகால் இருக்கும். தொலைபேசி அடித்தது. மிஸ் ரிசீவரை எடுத்துத் தோளில் இறுக்கினார், பேனையை எடுத்தார்.

“ரெண்டு காலா, நாலு காலா?”

தூரத்தில் சனம் கூடி நிற்கிற இரைச்சல் மட்டும் வாங்கு வரைக்கும் கேட்டது.

“கண்ணகை கதைக்கன் மிஸ். விதானையாருட வீட்டுக்காரி.”

மிஸ்ஸின் முகம் மலர்ந்தது. அந்த அம்மாவின் குரலை அவர் கேட்பது அதுதான் முதல் தடவை. அண்ணனிடம் சொல்லுங்கள், ஜீப் வாசலில் நிற்கிறது, இதோ வெளிக்கிடுகிறது, பதினொரு கம்பமும் வருகிறது என்று சொல்லிக்கொண்டே போனார். கண்ணகை அதை முழுவதும் சொல்ல விட்டார்.

“காது கிழிஞ்சவ கம்பியில கிடக்கா மிஸ். ராவு இவர் இழுத்த கம்பி.”

மிஸ் எழுந்து நின்றுவிட்டார். ஒருவரும் கிட்டப் போகவேண்டாம், கம்பி அறுந்து தண்ணீரில் கிடந்தாலும் கிடக்கும், வாய்க்காலில் கால் வைக்க வேண்டாம், பம்ப் கொட்டிலில் போய் மெயினை நிற்பாட்டச் சொல்லுங்கள் என்று வேகமாகச் சொன்னார். அந்தக் குரலை அதற்கு முன் நான் கேட்டதில்லை.

“அண்ணன்ட போனக் குடுங்க. நான் சொல்றன் அவருக்கு.”

கண்ணகை அழவில்லை. அழுதிருந்தால் எங்களுக்கு முதலே விளங்கியிருக்கும். விடியச் சாமக் காவல் முடிந்து கறண்டை நிற்பாட்டப் போனவர், காது கிழிஞ்சவ கம்பியில் துடிக்கிறதைக் கண்டு, கொட்டிலுக்குக் குறுக்கு வழியென்று வாய்க்காலுக்குள் இறங்கிவிட்டார் என்று ஒரே சீராகச் சொன்னார்.

“நீங்க முதல்ல ஒண்டு கேட்டீங்களே மிஸ்,” என்றார். “ரெண்டும்தான்.”

வெளியே பஸ்லான் வெளிக்கிடலாமா என்று ஹோர்ன் அடித்தான். வேரா மிஸ் மெல்லக் கதிரையில் உட்கார்ந்தார். ரிசீவர் தோளிலேயே இருந்தது, கண்ணகையும் வைக்கவில்லை. வலது லாச்சியை இழுத்து ஒரு படிவத்தை எடுத்து மேசையில் வைத்தார். பிறகு இடது லாச்சியின் பிடியைப் பிடித்தார். அது வரவில்லை. கதிரையைப் பின்னால் தள்ளி, முழங்காலை மேசைக்காலில் ஊன்றி, இரண்டு கையாலும் இழுத்தார்.